கரியில் ஓடிய பேருந்துகளும் டி.வி.சுந்தரம் ஐயங்காரும்

வேடந்தாங்கலில் வாழ்பவனுக்கு அழுத்தம் என்ற சொல் இயற்பியல் பாடநூலிலிருந்து வருவதில்லை, ஏரிக்கரையிலிருந்து வருகிறது. மதகுக்கு மேல் எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது என்பதைப் பொறுத்தே கடைமடை வயலுக்கு நீர் எட்டுமா என்பது தீர்மானமாகிறது. மட்டம் இறங்கிவிட்டால் ஏரியில் தண்ணீர் இருந்தும் பாசனம் இல்லை. அளவுக்கு மீறி ஏறிவிட்டால் கலங்கல் வழியே வெளியேற்றியாக வேண்டும். இல்லையேல் கரை உடையும். பக்கத்தில் உள்ள மதுராந்தகத்தில் ஏரி காத்த ராமர் கோயில் கொண்டிருப்பதே அந்த அச்சத்தின் நினைவுதான். கீழ் எல்லை ஒன்று, மேல் எல்லை ஒன்று. இரண்டுக்கும் இடையில்தான் எங்கள் ஊரின் வேளாண்மை நடக்கிறது.

அண்மையில் செங்கல்பட்டு சென்றிருந்தபோது, நெடுஞ்சாலையோரத்து எரிவாயு நிரப்பு நிலையம் ஒன்றில் ஆட்டோக்கள் நீண்ட வரிசையில் நிற்பதைக் கண்டேன். நான் ஏறியிருந்த ஆட்டோவும் அவ்வரிசையில் போய்ச் சேர்ந்தது. எரிவாயு தீர்ந்துவிட்டதா என்று ஓட்டுநரிடம் கேட்டேன். வாயு இருப்பதாகவும், பிரஷர்தான் இல்லை என்றும் அவர் சொன்னார். வாகனச் சிலிண்டரில் சி.என்.ஜி. வாயு 200 பார் அழுத்தம் வரை, அதாவது வளிமண்டல அழுத்தத்தைப்போல் ஏறத்தாழ 200 மடங்கு வரை நிரம்ப வேண்டும். நிலையத்தின் சேமிப்புக் கலன்களில் அழுத்தம் 150 பாருக்கு இறங்கிவிட்டால் சிலிண்டர் ஏறக்குறைய முக்கால் பங்கோடு நின்றுவிடும். கம்ப்ரஸர் மீண்டும் அழுத்தத்தை ஏற்றும்வரை காத்திருக்க வேண்டும். அல்லது குறைந்த வாயுவுடன் புறப்பட்டு மாலையில் மறுபடியும் வரிசையில் நிற்க வேண்டும். எப்படியாயினும் இழப்பு அந்த ஓட்டுநரின் அன்றாட வருமானத்தில்தான் விழுகிறது.

முப்பது ஆண்டுகளுக்கு மேல் கல்லூரியில் பொருளியல் கற்பித்தவன் நான். ஒரு பொருளின் விலை ஏறினால் மக்கள் அதற்கு மாற்றான பொருளை நாடுவார்கள் என்பது முதலாண்டுப் பாடம். காபிக்குப் பதில் தேநீர்; பெட்ரோலுக்குப் பதில் எரிவாயு. கரும்பலகையில் ஒரு வளைகோடு வரைந்தால் மாற்றம் நிகழ்ந்துவிடும். இயந்திரத்துக்குள் அது அவ்வளவு எளிதாக நிகழ்வதில்லை என்பதை எனக்கு உணர்த்தியது பாடநூல் அன்று. ஒரு மனிதரின் வாழ்க்கை. இரண்டாம் உலகப் போரின்போது, பெட்ரோல் கிடைக்காத நாள்களில், பேருந்துகளைக் கரி வாயுவில் ஓடவைக்கக் கலன் வடிவமைத்துத் தயாரித்த டி.வி.சுந்தரம் ஐயங்காரின் வாழ்க்கை அது.

சட்டம், ரயில், வங்கி, பேருந்து

1877-ஆம் ஆண்டு மார்ச் 22 அன்று திருநெல்வேலிச் சீமையின் திருக்குறுங்குடியில் பிறந்தவர் சுந்தரம் ஐயங்கார். மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில், நூற்றெட்டுத் திவ்ய தேசங்களுள் ஒன்றாகப் போற்றப்படும் ஊர் அது. படித்த பிராமண இளைஞர்களுக்கு அக்காலம் வகுத்திருந்த பாதையில்தான் அவரும் முதலில் நடந்தார். சட்டத் தொழில், பிறகு ரயில்வேயில் பணி, அதன்பின் வங்கி வேலை என்று மூன்று கௌரவமான இடங்களில் இருந்துபார்த்தார். மூன்றும் அவரை நிறுத்தி வைக்கவில்லை. மாதச் சம்பளத்தின் பாதுகாப்பை உதறிவிட்டு, முப்பத்து நான்காம் வயதில், 1911-இல், மதுரையைத் தளமாகக் கொண்டு தம் பெயரில் நிறுவனத்தைத் தொடங்கினார்.

1912-இல் தஞ்சாவூருக்கும் புதுக்கோட்டைக்கும் இடையே அவருடைய பேருந்து ஓடத் தொடங்கியது. புதுக்கோட்டை அப்போது தனிச் சமஸ்தானம்; ரயில் எட்டாத ஊர். மாட்டுவண்டியும் குதிரைவண்டியும் அறிந்த அந்தச் சாலையில், குறித்த நேரத்தில் புறப்பட்டுக் குறித்த நேரத்தில் சேரும் மோட்டார் வண்டி என்பது பயண வசதி மட்டுமன்று. காலத்தைப் பற்றிய புதிய ஒப்பந்தம். சந்தைக்குப் போகும் வணிகர், நீதிமன்றத்துக்குப் போகும் வழக்காளி, மருத்துவரைத் தேடிப் போகும் நோயாளி ஆகியோர் தத்தம் நாளை முன்கூட்டியே திட்டமிட முடிந்தது.

பேருந்துத் தொழிலின் பொருளாதாரம் கடுமையானது. புறப்பட்டுவிட்ட வண்டியின் காலி இருக்கையை நாளை விற்க முடியாது. வழியில் பழுதாகி நின்ற வண்டி அன்றைய கட்டணத்தை மட்டும் இழப்பதில்லை. மறுநாள் வரவேண்டிய பயணியின் நம்பிக்கையையும் இழக்கிறது. சுந்தரம் ஐயங்கார் இதை நன்கு அறிந்திருந்தார். ஆகவே அவருடைய கவனம் வண்டிகளை வாங்குவதோடு நிற்கவில்லை. பட்டறைகளிலும் உதிரிபாகங்களிலும் பழுதுபார்ப்பிலும் நிலைத்தது. டி.வி.எஸ். பேருந்தைப் பார்த்துக் கடிகாரத்தைத் திருத்திக்கொள்ளலாம் என்ற பேச்சு மதுரை வட்டாரத்தில் பல தலைமுறைகளுக்கு வழங்கியது. சாலையில் உதிர்ந்து கிடக்கும் மாட்டு லாட ஆணிகளைப் பொறுக்க, காந்தம் பொருத்திய வண்டி ஒன்றைப் பேருந்துகளுக்கு முன்னால் அனுப்புவார் என்றும் சொல்வார்கள். பழுது வந்தபின் சரிசெய்வதைவிட, பழுதின் காரணத்தை முன்னரே அகற்றுவது மலிவானது என்ற கணக்கு அந்தக் கதையில் இருக்கிறது.

யுத்தமும் பெட்ரோலும்

இந்தக் கணக்குக்குப் பெரிய சோதனை இரண்டாம் உலகப் போரில் வந்தது. 1941-இல் இந்தியாவில் பெட்ரோலுக்குப் பங்கீடு வந்தது. 1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் வசமானது. அடுத்த மாதம் பர்மாவின் எண்ணெய் வயல்கள் பின்வாங்கிய பிரிட்டிஷாராலேயே அழிக்கப்பட்டன. அதுவரை இந்தியாவின் பெட்ரோலியத் தேவையில் பெரும்பகுதியை ஈடுசெய்துவந்த நாடு அது. மலேயா வீழ்ந்ததால் ரப்பரும் அரிதாயிற்று. அதே ஏப்ரலில் கொழும்பும் விசாகப்பட்டினமும் குண்டுவீச்சுக்கு உள்ளாயின. சென்னைவாசிகள் நகரைக் காலி செய்துகொண்டு செங்கல்பட்டு மாவட்டத்தின் ஊர்களுக்கும் அதற்கு அப்பாலும் படையெடுத்தனர். மக்களுக்குப் போக்குவரத்து மிகவும் தேவைப்பட்ட நாளில் போக்குவரத்துக்கான எரிபொருள் மறைந்துபோயிற்று.

அந்த நிலையில் வண்டிகளை நிறுத்திவிட்டு யுத்தம் முடியும்வரை காத்திருப்பது ஒரு வழி. அறுபதைத் தாண்டியிருந்த சுந்தரம் ஐயங்கார் அவ்வழியைத் தேர்ந்தெடுக்கவில்லை. தேய்ந்த டயர்களுக்குப் புதுத் தோல் ஏற்றும் ரப்பர் தொழிற்சாலையைத் தொடங்கினார். பெட்ரோலுக்கு மாற்றாக, மரக்கரியிலிருந்து எரிவாயு உண்டாக்கும் கலனை வடிவமைத்துத் தயாரித்தார். டி.வி.எஸ். கேஸ் பிளாண்ட் என்று அது பெயர் பெற்றது.

கரியிலிருந்து வாயு எடுக்கும் முறை அவருடைய கண்டுபிடிப்பன்று. பிரான்சில் 1920-களிலேயே வாகனங்களுக்கான கலன்கள் உருவாகியிருந்தன. போர்க்காலத்தில் ஸ்வீடனில் மட்டும் 70 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வாகனங்கள் இப்படி ஓடின. ஜெர்மனியில் இதைவிடப் பல மடங்கு. நம்முடைய கரியையும் சாலையையும் வெயிலையும் தாங்கி, நாள்தோறும் பயணிகளை ஏற்றிக்கொண்டு செல்லும்படி அதை இங்கே உருவாக்குவதுதான் சவால். அந்தச் சவாலின் மையத்தில் இருந்தது அழுத்தம்.

உறிஞ்சும் இயந்திரம்

அந்த வண்டிகளைப் பார்த்தவர்கள் இன்று மிகச் சிலரே இருப்பர். பேருந்தின் பின்புறத்தில் ஆள் உயர இரும்பு உருளை ஒன்று நிற்கும். அதில் கரியை நிரப்பிப் பற்றவைத்து, கிளீனர் கைப்பிடியைப் பிடித்து விசிறியைச் சுழற்றுவார். அரைமணி நேரம் வியர்வை சிந்திய பின் கரி கனன்று, எரியக்கூடிய வாயு வரத் தொடங்கும். அதன்பின் விசிறிக்கு வேலை இல்லை. இயந்திரமே தன் பிஸ்டன்களின் இழுப்பால் கலனிலிருந்து வாயுவை உறிஞ்சிக்கொள்ளும்.

உள்ளே நடப்பது இதுதான். காற்றைத் தாராளமாக விட்டால் கரி முழுவதும் எரிந்து கார்பன் டை ஆக்சைடு ஆகிவிடும். அது மேற்கொண்டு எரியாது. காற்றைக் குறுக்கி, ஆழமான கனல் படுகையின் ஊடே இழுத்தால், கார்பன் மோனாக்சைடு கிடைக்கும். அதுவே எரிபொருள். ஆனால் காற்றோடு வந்த நைட்ரஜனும் உடன் வருவதால், கிடைக்கும் வாயுவில் பாதிக்கு மேல் எரியாத சரக்கு. ஒரு கன மீட்டர் பெட்ரோல்-காற்றுக் கலவையில் ஏறத்தாழ 3,800 கிலோஜூல் ஆற்றல் இருக்கும் என்றால், கரி வாயு-காற்றுக் கலவையில் ஏறத்தாழ 2,500-தான் இருக்கும். மலையேற்றத்தில் பயணிகள் இறங்கித் தள்ளிய கதைகளுக்குக் காரணம் இதுவே.

ஆற்றல் குறைவு ஒருபுறம் இருக்க, அழுத்தத்தின் சிக்கல் நுட்பமானது. பெட்ரோல் திரவம், கார்புரேட்டரின் சிறு துளை அதை அளந்து கொடுத்துவிடும். வாயுவுக்கு அத்தகைய வசதி இல்லை. ஒரு துளையின் வழியே எவ்வளவு வாயு செல்லும் என்பது, அதன் இருபுறமும் உள்ள அழுத்த வேறுபாட்டைப் பொறுத்தது. அந்த வேறுபாடு பாதியாகக் குறைந்தால் செல்லும் வாயு ஏறத்தாழ 30 விழுக்காடு குறைந்துவிடும். காற்று மட்டும் பழைய அளவிலேயே வந்துகொண்டிருக்கும். கரி வாயுவுக்கும் காற்றுக்குமான சரியான விகிதம் ஏறத்தாழ ஒன்றுக்கு ஒன்று. அது தவறினால் இயந்திரம் திக்கும். சில சமயம் முற்றிலும் நின்றுபோகும்.

கலனில் கரித்தூள் படிந்தால், கரி ஈரமாக இருந்தால், வடிகட்டியில் சாம்பல் அடைத்தால், வாயு வரும் வழியின் தடை கூடும். இயந்திரம் மேலும் வலுவாக இழுக்க வேண்டியிருக்கும். அந்த இழுப்பை அளக்க அதிகம் செலவில்லை. வளைந்த கண்ணாடிக் குழாயில் சிறிது தண்ணீர் போதும். தண்ணீர் ஒருபுறம் எத்தனை அங்குலம் ஏறி நிற்கிறது என்பதைப் பார்த்தால் கலனின் உடல்நிலை தெரிந்துவிடும். ஏரியின் மட்டத்தைப் பார்த்து மதகைத் திறக்கும் எங்கள் ஊர் நீர்க்கட்டிகளுக்கு இதை விளக்கவே வேண்டியிருக்காது.

இழுப்பு மிகுந்தால் வேறோர் ஆபத்தும் உண்டு. கலனுக்குள் அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைவாக இருப்பதால், இணைப்புகளில் சிறு விரிசல் இருந்தாலும் வெளிக்காற்று உள்ளே புகும். சூடான வாயுவோடு அது கலந்தால் குழாய்க்குள்ளேயே தீப்பற்றும். அழுத்தம் மறுபக்கம் சாய்ந்தால் நிலைமை இன்னும் மோசம். விசிறி சுழலும்போதும், இயந்திரம் நின்ற பிறகு கனல் அடங்காதபோதும், உள்ளழுத்தம் வெளியழுத்தத்தை மிஞ்சி வாயு வெளியே கசியும். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை. ரத்தத்தின் ஹீமோகுளோபினோடு அது ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பற்றிக்கொள்ளும். மயக்கம் வருவதை உணரும் முன்னரே மனிதன் மயங்கிவிடுவான்.

இதை நான் நூலில் மட்டும் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. என் தாய்வழித் தாத்தா அந்த ஆண்டுகளில் செங்கல்பட்டு வட்டாரத்தில் சிறு முதலாளி ஒருவரின் கரி வாயுப் பேருந்தை ஓட்டியவர். வண்டிக்குக் கலன் வாங்கிப் பொருத்திய முதலாளி, வடிகட்டிக்கு மாற்றுத் துணி வாங்கித் தரவில்லை; அளவு பார்க்கும் கண்ணாடிக் குழாய் உடைந்தபோது அதையும் மாற்றவில்லை. ஐப்பசி மழை இரவு ஒன்றில் வண்டியைக் கொட்டகைக்குள் விட்டு, சாரலுக்காகக் கதவைச் சாத்திவிட்டு, பதினேழு வயதுக் கிளீனர் வண்டியிலேயே படுத்துக்கொண்டான். கனல் முழுதாக அடங்கியிருக்கவில்லை. விடியற்காலையில் தாத்தா போய்க் கதவைத் திறந்தபோது அவன் எழுந்திருக்கவில்லை. முகம் தூங்குவதைப்போலவே இருந்தது என்பதைத் தாத்தா தம் எண்பதாவது வயதிலும் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் அதன்பின் கரி வாயு வண்டியைத் தொடவில்லை.

பட்டறையின் பாடம்

மாற்று எரிபொருள் என்பது வாங்கிப் பொருத்தும் பொருளன்று; நாள்தோறும் காக்கவேண்டிய ஒழுங்கு. தாத்தாவின் முதலாளி பொருளை மட்டும் வாங்கினார். சுந்தரம் ஐயங்காரோ அதற்குமுன் முப்பது ஆண்டுகளாக ஒழுங்கை வளர்த்துக்கொண்டிருந்தவர். கழற்றவும் துடைக்கவும் அளக்கவும் தெரிந்த தொழிலாளர்கள், உதிரிபாகம் கையிருப்பில் உள்ள பட்டறை, நேரம் தவறாமையை மானப் பிரச்சினையாகக் கருதிய நிர்வாகம் ஆகியவை ஏற்கெனவே இருந்ததால்தான், கலனை உருவாக்கும் துணிவும் அவருக்கு வந்தது என்று நான் கருதுகிறேன். யுத்தகாலத்தின் நெருக்கடி அவரைப் புத்தாக்கத்துக்குத் தள்ளியது என்பது பாதி உண்மை. நெருக்கடி எல்லாரையும்தான் தள்ளியது. சமாதான காலத்தின் பராமரிப்பு யாரிடம் இருந்ததோ அவரால்தான் நிமிர்ந்து நிற்க முடிந்தது.

அதே ஆண்டுகளில் அவருடைய இல்லத்திலும் ஒரு மாற்றம் நிகழ்ந்தது. இளம் வயதிலேயே கணவரை இழந்த மகள் சௌந்தரம், தில்லியின் லேடி ஹார்டிங் கல்லூரியில் மருத்துவம் படித்துத் தேறினார். காந்தியடிகளின் இயக்கத்தில் ஈடுபட்டு, அடிகளின் ஆசியுடன் 1940-இல் கேரளத்தைச் சேர்ந்த ஜி.ராமச்சந்திரனை மறுமணம் செய்துகொண்டார். விதவை மறுமணமும் சாதி கடந்த மணமும் ஒன்றாக நிகழ்ந்ததை அன்றைய வைதிகச் சமூகம் எளிதில் ஏற்றிருக்காது. பின்னாளில் 1947-இல் திண்டுக்கல் அருகே காந்திகிராமத்தை நிறுவியவர்களும், கிராமப்புற மருத்துவத்துக்கும் கல்விக்கும் பெயர் சொல்லும்படி உழைத்தவர்களும் அந்தத் தம்பதியரே. 1962-இல் சௌந்தரம் மத்திய அரசில் கல்வித் துறைத் துணை அமைச்சரானார். தொழிலில் ஈட்டிய புகழுக்கு இணையாக இந்தப் பெயரும் அக்குடும்பத்துக்குச் சேர்ந்தது.

யுத்தம் முடிந்து பெட்ரோல் திரும்பியதும் கரி வாயுக் கலன்கள் பழைய இரும்புக் கடைகளுக்குப் போயின. சுந்தரம் ஐயங்கார் அவற்றுக்காக வருந்தி நின்றதாகத் தெரியவில்லை. மதராஸ் ஆட்டோ சர்வீஸ், சுந்தரம் மோட்டார்ஸ் போன்ற நிறுவனங்கள் வளர்ந்தன. வாகன விற்பனையும் உதிரிபாக வணிகமும் விரிந்தன. பொறுப்புகளை மகன்களிடம் ஒப்படைத்துவிட்டு ஓய்வில் இருந்த அவர், 1955 ஏப்ரல் 28 அன்று கொடைக்கானலில், எழுபத்தெட்டாம் வயதில் காலமானார். அவர் தொடங்கிய பேருந்துச் சேவை 1970-களின் தொடக்கத்தில் அரசுடைமையானது. அவர் வளர்த்த பட்டறை மரபோ பிரேக், மின்கருவி, திருகாணி என்று வாகன உறுப்புகளைச் செய்யும் தொழிற்சாலைகளாகப் பெருகிற்று. பேருந்துகள் கைமாறின, பராமரிப்பு என்னும் அறிவு தொழிலாக நிலைத்தது.

இன்றைய சுழலிகள்

இந்தப் பழங்கதை இன்று எதற்கு என்று வாசகர்கள் கேட்கலாம். தமிழ்நாடு மீண்டும் எரிவாயுவை நோக்கி நகர்ந்துகொண்டிருக்கிறது. ஆண்டுக்கு 50 லட்சம் டன் திரவ இயற்கை எரிவாயுவைக் கையாளும் முனையம் எண்ணூரில் 2019 மார்ச்சில் திறக்கப்பட்டது. மாவட்டங்களில் குழாய்கள் பதிக்கப்படுகின்றன. ஆட்டோக்களும் சரக்கு வண்டிகளும் அரசுப் பேருந்துகள் சிலவும் இயற்கை எரிவாயுவுக்கு மாறியுள்ளன. கரி வாயுவைவிட இது பல மடங்கு ஆற்றல் மிக்கது, தூய்மையானது. ஆனால் இங்கும் அழுத்தத்துக்கு இரண்டு எல்லைகள் உண்டு.

நம் சமையலறையையே எடுத்துக்கொள்வோம். சிலிண்டருக்குள் வெயிலைப் பொறுத்து ஐந்து முதல் எட்டு பார் வரை அழுத்தம் இருக்கலாம். ரெகுலேட்டர் அதை 30 மில்லிபாராகக் குறைத்து அடுப்புக்கு அனுப்புகிறது. அதாவது ஓர் அடி உயரத் தண்ணீரின் அழுத்தம்தான். அது குறைந்தால் சுடர் உள்வாங்கி அணையும். மிகுந்தால் பர்னரை விட்டு எழும்பிப் பறக்கும். சி.என்.ஜி. வாகனத்தில் இந்த இறக்கம் இன்னும் செங்குத்தானது. 200 பாரில் இருக்கும் வாயுவை, இயந்திரம் கேட்கும் சில பார் அளவுக்கு ரெகுலேட்டர் இறக்கித் தர வேண்டும். சிலிண்டர் காலியாகிக்கொண்டே வந்தாலும், இயந்திரத்துக்குச் செல்லும் அழுத்தம் மாறக் கூடாது. ரெகுலேட்டரின் சவ்வு தளர்ந்துவிட்டால் கலவை கெட்டு, இயந்திரம் சூடேறும், வால்வுகள் தேயும், வாயு வீணாகும். அழுத்தத்தைத் தாங்கும் சிலிண்டரையோ குறித்த காலத்துக்கு ஒருமுறை சோதித்தாக வேண்டும். நம் நாட்டில் மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை சோதனை கட்டாயம்.

மின்நிலையங்களின் கேஸ் டர்பைன்களில் இந்த எல்லைகள் மேலும் கண்டிப்பானவை. டர்பைன் முதலில் வெளிக்காற்றை உறிஞ்சிப் பத்து முதல் இருபது மடங்குவரை அழுத்துகிறது. அந்த அழுத்தக் காற்று நிறைந்த எரியறைக்குள் எரிவாயு புக வேண்டுமானால், அதைவிடக் கூடுதல் அழுத்தத்தோடு வர வேண்டும். வாயுவின் அழுத்தம் கீழ் எல்லையைத் தொட்டால் சுடர் தடுமாறும். கட்டுப்பாட்டுக் கருவி டர்பைனை நிறுத்திவிடும். மேல் எல்லையை மீறினால் வால்வுகளால் அளவைக் கட்டுப்படுத்த முடியாமல் சூடு எகிறி, விலை உயர்ந்த சுழல் இலைகள் சேதமாகும். உயர்ந்த அழுத்தத்திலிருந்து வாயுவைத் திடீரென இறக்கினாலும் தீங்குண்டு. அழுத்தம் இறங்கும்போது வாயு குளிர்கிறது. அதில் உள்ள கனமான பொருள்கள் துளிகளாகின்றன. அந்தத் துளிகள் எரியறையில் கட்டியாக எரிந்து, சுடவேண்டாத இடத்தைச் சுடுகின்றன. ஆகவே வாயுவை வடிகட்டவும் சற்றுச் சூடாக்கவும் தனி ஏற்பாடு தேவை.

காவிரிப் படுகையின் வாயுவை நம்பி அமைந்தவை திருவாரூர் மாவட்டத்தின் கோவில்களப்பால் நிலையமும், குத்தாலம் நிலையமும். ஒவ்வொன்றும் 100 மெகாவாட்டைச் சற்றே தாண்டிய திறன் கொண்டது. ராமநாதபுரத்தின் வழுதூரில் இரண்டு அலகுகள் உள்ளன. பூமிக்கடியில் உள்ள வாயுக் கிணறு இளமையில் தன் சொந்த அழுத்தத்தாலேயே வாயுவைத் தள்ளும். வயதாக ஆக அந்த உந்துதல் தளரும். அப்போது கம்ப்ரஸர் வைத்து அழுத்தத்தைக் கூட்ட வேண்டியிருக்கும். அந்த கம்ப்ரஸர், நாம் உற்பத்தி செய்யும் மின்சாரத்திலேயே ஒரு பங்கைத் தின்னும். நிலத்தடியில் வாயு இருக்கிறது என்ற அறிக்கைக்கும், மின்கம்பியில் மின்சாரம் ஓடுவதற்கும் இடையில் உள்ள இந்தச் செலவு, பொது விவாதங்களில் பெரும்பாலும் இடம்பெறுவதில்லை.

எங்கள் துறையின் குறை அது. எரிபொருளைக் கன மீட்டரிலும் கிலோவிலும் எண்ணுகிறோம், ரூபாயில் மதிப்பிடுகிறோம். எந்த அழுத்தத்தில், எவ்வளவு சீராக, யாருடைய பொறுப்பில் அது வந்து சேர்கிறது என்று கேட்பதில்லை. வாயு நிறுவனமும் மின்நிலையமும் செய்துகொள்ளும் ஒப்பந்தங்களில் அழுத்தத்துக்கான விதி தவறாமல் இருக்கும். ஏனெனில் இருபுறமும் பொறியாளர்கள் இருக்கிறார்கள். ஆட்டோ ஓட்டுநருக்கு அத்தகைய ஒப்பந்தம் எதுவும் இல்லை. அழுத்தம் குறைந்த நாளின் இழப்பு முழுவதும் அவர் தலையில் விழுகிறது. ரெகுலேட்டர் பழுதான நாளின் ஆபத்தும் அவருடையதே. அன்று கரி வாயுக் கலனின் ஆபத்து முதலாளியைத் தொடாமல், பின்னால் நின்று விசிறி சுழற்றிய சிறுவனைத்தானே தொட்டது.

செய்ய வேண்டியவை பெரியவை அல்ல. நிரப்பு நிலையங்கள் அப்போதைய அழுத்தத்தை வரிசையில் நிற்பவருக்குத் தெரியும்படி அறிவிக்கலாம்; சேருவதா, திரும்பிச் செல்வதா என்று ஓட்டுநர் முடிவெடுக்க அது உதவும். மாவட்டந்தோறும் உள்ள தொழிற்பயிற்சி நிலையங்களில் எரிவாயு வாகனப் பராமரிப்பைத் தனிப் பாடமாகக் கற்பிக்கலாம். சாலையோரப் பட்டறைக்காரர்களுக்கும் குறுகிய காலப் பயிற்சி அளிக்கலாம். சிலிண்டர் சோதனைக்கான செலவைச் சிறு வாகன உரிமையாளர்களுக்கு எளிதாக்கலாம். மூடிய அறைக்குள் ஜெனரேட்டரை ஓட்டிவிட்டு உறங்கும் வழக்கம் இன்றும் உயிர்களைப் பறிக்கிறது என்பதால், கார்பன் மோனாக்சைடு பற்றிய அறிவைப் பள்ளியிலிருந்தே கொண்டுசெல்லலாம். மாற்று எரிபொருளுக்கு மானியம் ஒதுக்கும் அரசு, அதைக் காக்கும் கைகளுக்கும் ஒரு பங்கை ஒதுக்க வேண்டும்.

சுந்தரம் ஐயங்காரைத் தொழிலதிபர் என்றே நாம் நினைவுகூர்கிறோம். எரிபொருள் மாறும் காலத்தில் அவரை வேறொரு காரணத்துக்காகவும் நினைக்க வேண்டும். கிடைக்காத பெட்ரோலுக்காகப் புலம்பாமல் கரியைக் கையில் எடுத்தவர் அவர். அந்தக் கரிக்குப் பின்னால் ஒரு பட்டறையையே நிறுத்திவைத்திருந்தவர்.

இந்த ஐப்பசியிலும் வேடந்தாங்கல் ஏரிக்குப் பறவைகள் வரும். மழை சற்று வலுத்தால் ஊர்க்காரர்கள் குடையோடு கரைக்குப் போய், கலங்கலில் தண்ணீர் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்ப்பார்கள். யாரும் ஆணையிட்டு அவர்கள் போவதில்லை. ஏரியோடு வாழக் கற்றுக்கொள்ள நமக்குப் பல தலைமுறைகள் ஆயின. எரிவாயுவோடு வாழக் கற்றுக்கொள்ள அவ்வளவு காலம் நம்மிடம் இல்லை.

கட்டுரையாளர்: பொருளியல் பேராசிரியர் (ஓய்வு)